கடலற்ற மாவட்டத்தைப் புரிந்துகொள்வது எப்படி? பெரம்பலூர் வழியாக ஓர் எளிய அறிமுகம்

தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களில் 14 மாவட்டங்களுக்குக் கடற்கரை உண்டு. மற்ற 24 மாவட்டங்களுக்கு இல்லை. கடற்கரை இல்லாத அனைத்தையும் ‘உள்நாட்டு மாவட்டங்கள்’ என்று ஒரே பெயரில் அடக்கிவிடும் வழக்கம் பாடநூல்களில் உண்டு என்றாலும், அந்தப் பெயர் நமக்கு அதிகம் சொல்வதில்லை. கோயம்புத்தூருக்கும் கடல் கிடையாது, நீலகிரிக்கும் கிடையாது. ஆனால் ஒன்றுக்கு ஆலைகளும் விமான நிலையமும் இருக்கின்றன, மற்றொன்றுக்குத் தேயிலையும் குளிர்ந்த மலையும் இருக்கின்றன. கடலோடு சேர்த்துப் பேராறு, பெருநகரம், தொடர்வண்டி ஆகியவையும் இல்லாத ஒரு சிற்றூர்ப் பகுதி எதைக் கொண்டு வாழ்கிறது, யாரால் ஆளப்படுகிறது, அங்கே விளைவது எங்கே போகிறது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. அதற்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டாக எனக்குத் தோன்றுவது பெரம்பலூர்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் வாழ்ந்தவர்கள் 5,65,223 பேர். அன்றிருந்த 32 மாவட்டங்களில் மக்கள்தொகையில் இதுவே மிகச் சிறியது. அவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 83 பேர் ஊரகப் பகுதிகளில் வாழ்ந்தார்கள். பரப்பளவு ஏறக்குறைய 1,750 சதுர கிலோமீட்டர். வடக்கே கடலூர், வடமேற்கே சேலம், கிழக்கே அரியலூர், தெற்கிலும் மேற்கிலும் திருச்சிராப்பள்ளி என நான்கு பக்கமும் பிற மாவட்டங்களால் சூழப்பட்டிருக்கும் இந்நிலம், மாநில வரைபடத்தின் ஏறத்தாழ நடுவில் இருக்கிறது. சென்னையிலிருந்து திருச்சிக்குப் பேருந்தில் செல்வோர் அனைவரும் இதைக் கடந்துதான் போகிறார்கள். இறங்கிப் பார்ப்பவர்கள் குறைவு.

நிலத்துக்கு அடியில் இருக்கும் கடல்

கடற்கரையற்ற இந்த மாவட்டத்தின் கதை கடலிலிருந்துதான் தொடங்குகிறது. ஆலத்தூர் வட்டத்தில் உள்ள சாத்தனூர் என்னும் ஊரின் அருகே ஒரு கல்மரம் கிடக்கிறது. ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள அந்த அடிமரம் முழுவதும் கல்லாக மாறியிருக்கிறது. புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-ஆம் ஆண்டில் இதை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்துப் பாதுகாத்து வருகிறது. இது பூக்கும் மரங்கள் உலகில் பெருகுவதற்கு முன்பே செழித்திருந்த ஊசியிலை மர வகையைச் சேர்ந்தது. வயது சுமார் 12 கோடி ஆண்டுகள் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது.

கரையில் வளர்ந்த மரம் ஒன்று ஆற்று வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, ஆழம் குறைந்த கடலின் அடியில் சேற்றில் புதைந்து, அதன் மரத்தன்மை சிறிது சிறிதாக நீங்க, நீரில் கரைந்திருந்த கனிமங்கள் அந்த இடத்தை நிரப்பியதால்தான் கல்மரம் உருவாகிறது. அப்படியானால், இன்று மக்காச்சோளம் அசையும் அந்த வயல்வெளி அன்று கடலாக இருந்திருக்க வேண்டும். உண்மையும் அதுவே. இந்திய நிலத்துண்டு தென்கோளத்துப் பெருங்கண்டத்திலிருந்து பிரிந்து விலகியபோது, அதன் கிழக்கு விளிம்பில் கடல் உட்புகுந்தது. கிரெட்டேசியஸ் என்று புவியியலார் அழைக்கும் அக்காலத்தில் கடல் பலமுறை ஏறி, பலமுறை இறங்கி, ஒவ்வொரு முறையும் களிமண்ணையும் மணலையும் சுண்ணாம்பையும் அடுக்கடுக்காக விட்டுச் சென்றது.

சாத்தனூருக்கு அருகிலுள்ள காரை என்னும் ஊரின் வெளிப்பகுதிக்குப் போனால் இந்த அடுக்குகளைக் கண்ணாலேயே பார்க்கலாம். மரமோ புல்லோ அதிகம் இல்லாத, மழைநீர் அரித்து அரித்துப் பள்ளமும் மேடுமாக ஆக்கிய செம்மஞ்சள் நிறக் களிமண் மேடுகள் அங்கே பரந்து கிடக்கின்றன; அவற்றின் இடையே ஜிப்சம் கீற்றுகள் வெயிலில் மின்னுகின்றன. சுருள் வடிவ ஓடு கொண்ட அம்மோனைட்டுகள் முதலிய கடல்வாழ் உயிர்களின் எச்சங்கள் இப்பகுதியில் ஏராளமாகக் கிடைத்துள்ளன. 1862-இல் எச்.எஃப். பிளான்ஃபோர்டு இந்தப் பாறை அடுக்குகளைப் பற்றி விரிவான அறிக்கை எழுதினார். அவருக்குப் பின் ஃபெர்டினாண்ட் ஸ்டாலிஸ்கா அவற்றின் உயிரெச்சங்களை வகைப்படுத்தினார். இன்றுவரை உலகின் பல பகுதிகளிலிருந்து புவியியல் மாணவர்கள் இங்கே வருகிறார்கள். உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் அனைவரும் ஒருமுறையாவது காரைக்கும் சாத்தனூருக்கும் அழைத்துச் செல்லப்பட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். தங்கள் காலடியில் இருப்பது என்னவென்று அறியாமல் ஒரு தலைமுறை வளர்வது பெரிய இழப்பு.

இவ்வளவு பழைய செய்தி இன்றைய வாழ்க்கைக்கு எதற்கு என்று கேட்கலாம். கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக்கல்தான் அண்டை மாவட்டமான அரியலூரில் சிமென்ட் ஆலைகள் நிறைந்திருப்பதற்குக் காரணம். பெரம்பலூரின் கிழக்குப் பகுதிகளில் பருத்தியைத் தாங்கும் கரிசல் மண் பரவியிருப்பதிலும் அடியிலுள்ள படிவுப் பாறைகளுக்குப் பங்கு உண்டு. மேற்கே செல்லச் செல்ல இந்தப் படிவுகள் முடிந்து, அவற்றைவிடப் பல மடங்கு பழமையான கரும்பாறை வெளியே வருகிறது. அதன் மேல் செம்மண். அதற்கும் மேற்கே பச்சைமலை. ஒரே மாவட்டத்துக்குள் மண்ணின் நிறம் மாறும் இடத்தில் பயிரும் மாறுகிறது, கிணற்றின் ஆழமும் மாறுகிறது.

தண்ணீர்

பெரம்பலூரில் காவிரி பாயவில்லை. தெற்கே சில மைல் தொலைவில் கொள்ளிடக்கரை நெல்வயல்கள் பச்சைப் பசேல் என்று இருக்கும்போது, இங்கே விவசாயி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மாவட்டத்தின் வட எல்லையை ஒட்டி ஓடும் வெள்ளாறு பரங்கிப்பேட்டை அருகே கடலில் கலக்கிறது. பச்சைமலைப் பகுதியில் தோன்றும் கல்லாறும் மருதையாறும் மழைக்காலத்தில் மட்டும் பெருகி, பின் மணலாகிவிடும் காட்டாறுகள். மருதையாறு தென்கிழக்காக ஓடிக் கொள்ளிடத்தில் சேர்கிறது. ஆண்டு மழை ஏறத்தாழ 860 மில்லிமீட்டர். இது அவ்வளவு குறைவானதன்று. ஆனால் அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில், சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஆகவே இம்மாவட்டத்தின் தண்ணீர்ப் பிரச்சினை, பெய்வதை எங்கே நிறுத்தி வைப்பது என்பதைச் சார்ந்தே இருக்கிறது.

முன்னோர் அதற்குக் கண்ட விடை ஏரி. நீர்வளத்துறையின் பராமரிப்பில் மட்டும் இங்கே 73 ஏரிகள் உள்ளன. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள ஏரிகளை நீர்வளத்துறையும், அதைவிடச் சிறியவற்றை ஊராட்சி ஒன்றியங்களும் கவனிக்கின்றன என்பது தமிழ்நாடு முழுவதற்கும் பொதுவான ஏற்பாடு. ஓர் ஏரி நிறைந்ததும் அதன் கலங்கு வழியாக வழியும் நீர் அடுத்த ஏரிக்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. இப்படி ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும் சங்கிலியில் ஒரு வரத்துவாய்க்கால் தூர்ந்தாலும், அல்லது யாரேனும் அதை வளைத்துப் போட்டாலும், அதற்குக் கீழேயுள்ள எல்லா ஊர்களும் பாதிக்கப்படும். பெரிய ஏரி ஒரு துறையிடம், சிறிய ஏரி வேறொரு துறையிடம், இடையிலுள்ள வாய்க்காலின் நில ஆவணம் மூன்றாவதாக வருவாய்த்துறையிடம் என்றிருப்பதால், தண்ணீர் ஒரே பாதையில் ஓடினாலும் பொறுப்பு பல கைகளில் சிதறுகிறது. ஏரிகள் சீர்கெட்டதற்கு மழையைக் குறைசொல்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கல்லாற்றின் குறுக்கே விசுவக்குடியிலும் மருதையாற்றின் குறுக்கே கொட்டரையிலும் அண்மைக் காலத்தில் நீர்த்தேக்கங்கள் கட்டப்பட்டன. எனினும் பாசனத்தின் பெருஞ்சுமையைத் தாங்குவது கிணறும் ஆழ்துளைக் கிணறும்தான். கரும்பாறைப் பகுதியில் நிலத்தடி நீர் மணலில் ஊறுவதுபோலப் பரவலாக நிற்காது. பாறையின் வெடிப்புகளில் மட்டுமே தேங்கும். ஊற்றுக்கண் அகப்பட்டவருக்குத் தண்ணீர் உண்டு, பக்கத்துக் காட்டுக்காரர் அதே ஆழம் தோண்டினாலும் கிடைக்காமல் போகலாம். கடன் வாங்கித் துளையிட்ட கிணறு பொய்த்துப்போவது ஒரு குடும்பத்தை எப்படிச் சாய்க்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. குடிநீருக்கோ பெரம்பலூர் நகரம் தன் எல்லைக்கு வெளியே, கொள்ளிடத்தை நம்பியிருக்கிறது. ஆற்றுப்படுகையிலிருந்து குழாய் வழியே நீர் கொண்டுவரப்படுகிறது.

மானாவாரியும் மூன்று பயிர்களும்

மழையை மட்டும் நம்பிப் பயிரிடும் நிலத்தை மானாவாரி என்கிறோம். பெரம்பலூரைப் புரிந்துகொள்ள இந்த ஒரு சொல் மிகவும் முக்கியம். இங்கே உழவு ஆண்டைத் தீர்மானிப்பது புரட்டாசிப் பட்டம்: அந்த மாதத்து மழையில் விதைத்து, ஐப்பசி, கார்த்திகை மழையில் வளர்த்து, தை, மாசியில் அறுக்கிறார்கள். விதைத்தபின் மழை பத்து நாள் தள்ளிப்போனால் முளை காயும். கதிர் முற்றும்போது மழை பெய்தால் மணி கறுக்கும்.

இந்த மண்ணில் முன்பு சோளமும் கம்பும் நிலக்கடலையும் பெருமளவில் இருந்தன. இன்று மானாவாரியின் அரசன் மக்காச்சோளம். தமிழ்நாட்டில் மக்காச்சோளச் சாகுபடியில் முன்னணியில் உள்ள மாவட்டங்களுள் பெரம்பலூரும் ஒன்று. இதைப் பெரும்பாலும் மனிதர் உண்பதில்லை. லாரிகளில் ஏறி நாமக்கல் வட்டாரத்துக் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனமாகப் போகிறது. மேற்கே சில மணி நேரப் பயணத் தொலைவில் கோடிக்கணக்கான கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருப்பதுதான் பெரம்பலூர் விவசாயி பயிரை மாற்றிக்கொண்டதற்கு வலுவான காரணம். ஓரிடத்தின் பொருளாதாரத்தைப் படிக்கும்போது அந்த இடத்தின் எல்லைக்குள்ளேயே காரணத்தைத் தேடுவது தொடக்க நிலையில் பலரும் செய்யும் பிழை. கடற்கரையற்ற மாவட்டத்தில் காரணம் பெரும்பாலும் அடுத்த மாவட்டத்தில் இருக்கும்.

ஒரே பயிரைப் பரந்த நிலத்தில் விதைப்பதில் ஆபத்தும் உண்டு. அமெரிக்கக் கண்டங்களைத் தாயகமாகக் கொண்ட படைப்புழு 2018-இல் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதே பருவத்தில் அது தமிழ்நாட்டு மக்காச்சோள வயல்களுக்குள் நுழைந்தபோது பெரம்பலூர் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. குருத்துக்குள் ஒளிந்துகொண்டு தின்னும் புழுவுக்கு மருந்து எட்டுவதில்லை. விவசாயிகள் ஒருமுறைக்கு இருமுறை தெளித்தும் பயிரைக் காக்க முடியாமல் தவித்தார்கள். அதற்குப் பிறகு விதைநேர்த்தி, ஒரே நேரத்தில் விதைத்தல், வரப்போரப் பயிர், இனக்கவர்ச்சிப் பொறி எனப் பல முறைகளை வேளாண்துறை பரிந்துரைக்கத் தொடங்கியது.

பருத்தி இங்கே மக்காச்சோளத்துக்கு மூத்த பயிர். வேப்பந்தட்டையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இயங்குவது இம்மண்ணுக்கும் பருத்திக்கும் உள்ள தொடர்புக்குச் சான்று. பருத்தியின் இடர் வேறு வகையானது: ஒரே நாளில் அறுத்து முடிக்க முடியாது. காய் வெடிக்க வெடிக்கப் பலமுறை கையால் எடுக்க வேண்டும். அதற்குப் பெரும்பாலும் பெண்கள் வேண்டும், கூலி வேண்டும். எடுத்த பஞ்சை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்து ஏலத்துக்குக் கொண்டுவந்தால், வியாபாரிகள் விலை கேட்டுக் குறிக்கும் முறையில் விற்பனை நடக்கிறது. தனி வியாபாரி வீட்டு வாசலுக்கே வந்து எடைபோடும் விற்பனையைக் காட்டிலும் இது வெளிப்படையானது என்றாலும், வண்டிக் கூலி கொடுத்துக் கொண்டுவந்த மூட்டையைத் திரும்பக் கொண்டுபோகும் வசதி சிறு விவசாயிக்கு இல்லை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

மூன்றாவது, சின்ன வெங்காயம். செட்டிகுளம், ஆலத்தூர் பகுதிகளில் விளையும் வெங்காயத்துக்குத் தனிப் பெயர் உண்டு. ஏறத்தாழ 70 நாட்களில் கைக்கு வரும் இந்தப் பயிரை இங்கே பெரும்பாலோர் விதையாகத் தூவாமல், சென்ற அறுவடையின் வெங்காயத்தையே நட்டுப் பயிராக்குகிறார்கள். அதனால் அறுவடை நாளில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: எவ்வளவை இன்றைய விலைக்கு விற்பது, எவ்வளவை விதைக்கென ஒதுக்கிப் பட்டறையில் போடுவது. பட்டறை என்பது மூங்கில், குச்சி, ஓலை முதலியவற்றால் காற்று உள்ளே புகுந்து வெளியேறும்படி வயலோரம் கட்டப்படும் நீண்ட சேமிப்பு அமைப்பு. அதில் தாளோடு அடுக்கிய வெங்காயம் சில மாதங்கள் கெடாமல் இருக்கும். விலை ஏறும்வரை காத்திருக்கவும் அதுவே உதவுகிறது. மின்சாரமோ குளிரூட்டலோ இல்லாமல், வட்டார அறிவால் உருவான இந்தப் பட்டறையை நான் இம்மாவட்டத்தின் அருமையான கண்டுபிடிப்புகளில் ஒன்றாகக் கருதுகிறேன்.

ஆனால் பட்டறை காப்பாற்றக்கூடியது அழுகலிலிருந்து மட்டுமே. 2023 டிசம்பரில் ஒன்றிய அரசு வெங்காய ஏற்றுமதிக்குத் தடை விதித்து, 2024 மே மாதம்தான் அதை நீக்கியது. நாட்டின் நகரங்களில் பெரிய வெங்காயம் விலை ஏறியதைக் கட்டுப்படுத்த எடுத்த முடிவு அது. சின்ன வெங்காயத்தைத் தனியாகப் பிரித்துப் பார்க்காததால், சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் போகும் சின்ன வெங்காயமும் அத்தடையில் சிக்கியது. ஏற்றுமதிக் கணக்கில் சின்ன வெங்காயத்துக்குத் தனிக் குறியீட்டு எண் வேண்டும் என்று தமிழ்நாட்டு விவசாயிகள் கேட்டுவருவது இதனால்தான்.

யார் ஆள்கிறார்கள்?

பெரம்பலூர் நெடுங்காலம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. 1995 நவம்பர் 1 அன்று பழைய திருச்சி மாவட்டம் திருச்சி, கரூர், பெரம்பலூர் என மூன்றாகப் பிரிக்கப்பட்டது. அப்போது அரியலூரும் பெரம்பலூரோடு சேர்ந்திருந்தது. 2001 ஜனவரி 1 அன்று அரியலூர் தனி மாவட்டமாயிற்று. 2002 மார்ச் 31 அன்று மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டது. 2007 நவம்பர் 23 அன்று இரண்டாம் முறையாகப் பிரிந்தது. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும் தொடர்வண்டிப் பாதையும் அரியலூர் பக்கம் போக, பெரம்பலூரிடம் நெடுஞ்சாலையும் மானாவாரி நிலமும் எஞ்சின. மாவட்ட எல்லை என்பது இயற்கை வகுத்ததன்று, அரசாணை வகுத்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

மாவட்ட நிருவாகத்தைப் பற்றி முதன்முதலாகப் படிப்பவருக்குக் குழப்பம் வருவதற்குக் காரணம், ஒரே நிலத்தின் மேல் மூன்று வேறு வரைபடங்கள் போர்த்தப்பட்டிருப்பதே.

முதலாவது வருவாய் வரைபடம். மாவட்ட ஆட்சியர், வருவாய்க் கோட்டாட்சியர், வட்டாட்சியர், வருவாய் ஆய்வாளர், கிராம நிருவாக அலுவலர் என்று அது மேலிருந்து கீழே வருகிறது. பெரம்பலூரில் பெரம்பலூர், குன்னம், வேப்பந்தட்டை, ஆலத்தூர் என நான்கு வட்டங்கள். நிலம், பட்டா, சான்றிதழ், பேரிடர் நிவாரணம் ஆகியவை இவர்கள் கையில். கிராம நிருவாக அலுவலர் பதவி, பரம்பரையாக வந்த கர்ணம், மணியக்காரர் முறையை 1980-இல் அரசு ஒழித்தபின் உருவானது. எந்தப் புலத்தில் எந்தப் பருவத்தில் என்ன பயிர் என்று அவர் எழுதும் அடங்கல் ஏடு சிறிய ஆவணமாகத் தோன்றலாம். ஆனால் பயிர்க் காப்பீடு, வறட்சி நிவாரணம், கூட்டுறவுக் கடன் ஆகிய அனைத்தும் அந்த ஒரு வரியைக் கேட்கின்றன. படைப்புழு தாக்கிய ஆண்டில் நிவாரணம் கேட்டவர்கள் முதலில் காட்ட வேண்டியிருந்ததும் அதுபோன்ற பதிவுகளைத்தான். ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்தி என்னும் வருவாய்த் தீர்வாயத்தில் இந்தக் கணக்குகள் தணிக்கை செய்யப்படுகின்றன. இதன் ஆண்டான பசலி, ஜூலை 1 அன்று தொடங்குகிறது. உழவனின் ஆண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை என்பதை அரசுக் கணக்கு இன்னும் மறக்கவில்லை.

இரண்டாவது, ஊரக வளர்ச்சி வரைபடம். 1992-இன் 73-ஆவது அரசமைப்புத் திருத்தத்தையும் 1994-இன் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தையும் அடிப்படையாகக் கொண்டு கிராம ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி என மூன்று அடுக்குகள் அமைந்தன. பெரம்பலூரில் 121 கிராம ஊராட்சிகள். பெரம்பலூர், வேப்பந்தட்டை, வேப்பூர், ஆலத்தூர் என நான்கு ஒன்றியங்கள். வட்டமும் நான்கு, ஒன்றியமும் நான்கு. ஆனால் வட்டத்தின் பெயர் குன்னம் என்றிருக்கும் பகுதியில் ஒன்றியத்தின் பெயர் வேப்பூர். புதிதாக வருபவர் பட்டாவுக்குக் குன்னத்துக்கும், தெருவிளக்குக்கோ சாலைக்கோ வேப்பூருக்கும் போக வேண்டும். இவ்விரண்டும் வேறு வேறு அலுவலகங்கள் என்பதே இந்த மூன்று வரைபட விளக்கத்தின் மிகப் பயனுள்ள செய்தியாக இருக்கலாம். நகரப் பகுதிகள் இந்த அடுக்கில் சேராதவை: பெரம்பலூர் நகராட்சியும், குரும்பலூர், அரும்பாவூர், பூலாம்பாடி, லப்பைக்குடிக்காடு ஆகிய நான்கு பேரூராட்சிகளும் தனி.

மூன்றாவது, தேர்தல் வரைபடம். மாவட்டத்தின் இரண்டு சட்டமன்றத் தொகுதிகள் பெரம்பலூர் (தனி), குன்னம். பெரம்பலூர் நாடாளுமன்றத் தொகுதியில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் உள்ளன. அவற்றில் பெரம்பலூர் ஒன்றே இம்மாவட்டத்துடையது, லால்குடி, மண்ணச்சநல்லூர், முசிறி, துறையூர் ஆகியவை திருச்சி மாவட்டத்தையும் குளித்தலை கரூர் மாவட்டத்தையும் சேர்ந்தவை. குன்னமோ சிதம்பரம் நாடாளுமன்றத் தொகுதியில் இருக்கிறது. வறண்ட காட்டில் மக்காச்சோளம் விதைக்கும் குன்னத்து வாக்காளரும், கிள்ளைக் கடற்கரையில் வலை வீசும் மீனவரும் ஒரே உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து தில்லிக்கு அனுப்புகிறார்கள். ஐந்தரை லட்சம் பேர் கொண்ட மாவட்டத்துக்குத் தனக்கென ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் இல்லை என்பது, கூட்டிப் பார்த்தால் புரியும் கணக்குத்தான். அதன் விளைவு தொடர்வண்டி போன்ற ஒன்றிய அரசுத் திட்டங்களில் தெரிகிறது.

ஊராட்சிகளின் பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. வீட்டு வரி, தண்ணீர்க் கட்டணம் போன்ற சொந்த வருமானம் சிறு ஊராட்சிகளில் மிகக் குறைவு. மாநில, ஒன்றிய நிதிக்குழுக்களின் மானியமே உயிர். பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான ஆண்டுகளுக்கு ஊரக உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீர், துப்புரவு ஆகியவற்றுக்கெனக் கட்டுண்டது. 40 விழுக்காட்டை மட்டுமே ஊராட்சி தன் தேவைப்படி செலவிடலாம். இதை எங்கே செலவிடுவது என்று கேட்கும் உரிமை ஒவ்வொரு வாக்காளருக்கும் கிராம சபையில் உண்டு. ஆண்டுக்கு நான்காக இருந்த கூட்டங்கள் 2022 முதல் ஆறாக உயர்த்தப்பட்டன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தங்கள் ஏரியின் வரத்துவாய்க்காலைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் ஊராருக்கு வேறு இல்லை.

வயலுக்கு வெளியே

மழை பொய்த்தால் தாங்க வேறு கை வேண்டும் என்று இம்மக்கள் நெடுநாளாக அறிந்திருக்கிறார்கள். கறவை மாடு அதில் முதன்மையானது; பயிர்ப் பணம் ஆண்டுக்கொருமுறை வரும், பால் பணம் மாதத்தில் பலமுறை வரும். அதுபோல வெளிநாட்டுப் பணமும் உண்டு. வெள்ளாற்றங்கரையிலுள்ள லப்பைக்குடிக்காடு முதலிய ஊர்களிலிருந்து வளைகுடாவுக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் வேலைக்குச் சென்றவர்கள் பலர். கடல் இல்லாத மாவட்டத்தின் பிள்ளைகள் கடல் கடந்துபோய்ச் சம்பாதித்து அனுப்பும் பணம், அவ்வூர்களின் வீடுகளிலும் கடைகளிலும் தெளிவாகத் தெரிகிறது. பச்சைமலை அடிவாரத்து அரும்பாவூரில் தலைமுறைகளாக மரச்சிற்பம் செதுக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. வாகை, வேம்பு, மா போன்ற மரங்களில் கோயில் வாகனங்களும் தேர்ச் சிற்பங்களும் தெய்வத் திருவுருவங்களும் செய்யும் இக்கலைக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

எறையூரில் அரசுத்துறை சர்க்கரை ஆலை உள்ளது. கிணற்றுப் பாசனம் உள்ளவர்களின் கரும்பு அங்கே போகிறது. நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் ஆலை இயங்குகிறது. எறையூர் சிப்காட் தொழிற்பூங்காவில் காலணித் தொழிற்சாலைக்கு 2022 நவம்பரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். தோல் அல்லாத காலணித் தயாரிப்பில் தையல், ஒட்டுதல், பொருத்துதல் என்று கைவேலை மிகுதி. அதனால் அது பெண்களுக்கு அதிகமாக வேலை தரக்கூடிய தொழில். பருத்தி எடுக்கவும் களை பறிக்கவும் போன பெண்ணுக்கு மாதச் சம்பளமும் வருங்கால வைப்பு நிதியும் கிடைப்பது அந்தக் குடும்பத்தின் கணக்கையே மாற்றிவிடும். அதே வேளையில் வயலில் ஆள் கிடைக்காமல் போவதும் பருத்தி மேலும் சுருங்குவதும் நடக்கலாம். இரண்டையும் நேராகப் பார்க்க வேண்டும்.

எல்லா வாக்குறுதியும் ஆலையாக முளைத்துவிடவில்லை. திருமாந்துறைப் பகுதியில் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் வாங்கப்பட்டு, பல ஆண்டுகள் தொழிலும் இல்லாமல் உழவும் இல்லாமல் கிடந்தது. நிலம் கொடுத்தவர் பெற்ற விலை செலவாகிவிடும். எதிர்பார்த்த வேலை வராவிட்டால் அவருக்குத் திரும்பிப் போக வயலும் இருக்காது. தொழிற்பூங்கா பற்றிய எந்தச் செய்தியைப் படித்தாலும், நிலம் எடுத்த ஆண்டையும் முதல் தொழிலாளி வேலைக்குச் சேர்ந்த ஆண்டையும் அருகருகே வைத்துப் பார்க்குமாறு தொடக்க நிலை வாசகருக்குச் சொல்வேன்.

துறைமுகம் இல்லாத இடத்தில் அதன் வேலையைச் சாலை செய்கிறது. சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் வழியின் ஒரு பகுதியான தேசிய நெடுஞ்சாலை 38 மாவட்டத்தின் ஊடே ஓடுகிறது. அரியலூர் வழியே தஞ்சாவூருக்குத் தேசிய நெடுஞ்சாலை 136 பிரிகிறது. ஆலைகளும் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் பெரும்பாலும் இந்தச் சாலைகளை ஒட்டியே எழுந்திருப்பதைக் காணலாம். சாலையிலிருந்து விலகிப் பச்சைமலை அடிவாரத்துக்குப் போகப் போக, வயலும் பால்மாடும் மட்டுமே மிஞ்சுகின்றன. பெரம்பலூர் நகருக்குத் தொடர்வண்டி நிலையம் இல்லை. சென்னைக்குத் தொடர்வண்டியில் போக நினைப்பவர் அரியலூருக்கோ திருச்சிக்கோ சென்று ஏற வேண்டும். அரியலூரிலிருந்து பெரம்பலூர், துறையூர் வழியாக நாமக்கல்லுக்குப் பாதை அமைக்க வேண்டும் என்பது இப்பகுதி மக்களின் நெடுநாள் கோரிக்கை. வரைபடத்தில் அந்தக் கோட்டை வரைந்து பார்த்தால், ஒரு முனையில் சுண்ணாம்புக்கல்லும் சிமென்டும், மறுமுனையில் கோழிப்பண்ணைகளும், நடுவில் மக்காச்சோளக் காடும் இருக்கின்றன. மாசி மாதத்தில் பெரம்பலூரிலிருந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மேற்கே போகும் லாரிகள் இன்று அந்தக் கோட்டின் மேல்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.